கழுவாத கரி

போன வாரம் கொர்னேலியஸை செகந்திராபாத் அல்வாலில் அவருடைய வீட்டுப் பின்புறத்தில் இரண்டு மூட்டைக் கரியோடு நிற்க வைத்துவிட்டு வந்தோம். அவர் இன்னும் அங்கேதான் நிற்கிறார். மெட்டில்டா போனதிலிருந்து அவரை எங்கே நிறுத்தினாலும் அங்கேயே நிற்கிறார் என்பது நமக்குத் தெரிந்ததுதான்.

புதிதாக வருகிறவர்களுக்காக ஒரு வார்த்தை. மெட்டில்டா அவருடைய மூத்த மகள். ஒரு பெண் குழந்தையைப் பெற்றுக் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரியிலேயே கண்ணை மூடிவிட்டாள். குழந்தை அல்வால் வீட்டில்தான் வளர்கிறது. மெட்டில்டாவின் கணவன் ரூஃபஸுக்கே இளையவள் ஜெயசுந்தரியைக் கொடுத்துவிடுவது என்று பெரியவர்கள் கூடிப் பேசி முடித்துவிட்டார்கள். சுந்தரியிடம் யாரும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று யாரும் நினைக்கவில்லை. கேட்க வேண்டும் என்றும் யாருக்கும் தோன்றவில்லை. துக்கம் விழுந்த வீட்டில் நல்லவர்கள்கூட இப்படித்தான் ஆகிவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு.

ரூஃபஸின் அம்மா எமிலி அம்மாள் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று. அவர்கள் சபையில் கைக்குழந்தைக்குத் தண்ணீர் தெளிப்பதெல்லாம் ஞானஸ்நானக் கணக்கில் வராது. விவரம் தெரிந்த வயதில், சபைக் குளத்தில் இறங்கி, முழுக்கு எடுக்க வேண்டும். மெட்டில்டா தன் கல்யாணத்துக்கு முன் அப்படித்தான் எடுத்தாள். சுந்தரியும் எடுத்தால் அடுத்த மாதம் கல்யாணம். இல்லையென்றால், "பேத்தி எங்க வீட்டுப் பிள்ளை, நாங்க கூட்டிட்டுப் போயிடுறோம்" என்று எமிலி அம்மாள் சிரித்த முகத்தோடுதான் சொன்னாள்.

கொர்னேலியஸின் மனைவி கனகமணிக்கு அந்தச் சிரிப்பு ராத்திரியெல்லாம் காதில் கேட்டது. மகளும் போய், மகள் பெற்றதும் போனால் அந்த வீட்டில் என்ன இருக்கிறது?

இப்போது கரிக்கு வருவோம்.

செகந்திராபாத்தில் பழைய பங்களா ஒன்றைச் சபைக் கூடமாக வைத்திருந்தார்கள். அதன் தோட்டத்தில் ஒரு சின்னக் குளம். அடியில் கறுப்புக் கடப்பாக் கல், இறங்கப் படி, ஓரத்தில் ஒரு தூங்குமூஞ்சி மரம். முன்பெல்லாம் முழுக்குக்கு முந்தின நாள் கிணற்றிலிருந்து இறைத்துத் தண்ணீரை மாற்றிவிடுவார்கள். அந்த வருஷம் மழை இல்லை. கிணறு வறண்டு, குளத்தில் கிடந்த தண்ணீர் பாசி பிடித்து, உதிர்ந்த இலை ஊறி, டீத்தண்ணீர் நிறத்தில் வாடை அடித்துக்கொண்டு கிடந்தது. அதைக் கொட்டிவிட்டால் நிரப்ப வேறு தண்ணீர் கிடையாது.

கொர்னேலியஸுக்கு மத்திய அரசுத் தொழிற்சாலை ஒன்றில் தண்ணீர் சுத்திகரிப்புப் பிரிவில் வேலை. கெமிஸ்ட். "சம்பந்தி, உங்க கையிலதான் இருக்கு" என்று சபையார் கேட்டார்கள். அவர் சரி என்றார். பாசிக்குப் படிகாரம் போட்டு அடியில் படிய வைத்து அள்ளினார். இலைச் சாயத்துக்கும் வாடைக்கும் கரி. அடுப்புக் கரி இல்லை; தேங்காய்ச் சிரட்டையைச் சுட்டு, நீராவி பாய்ச்சிப் பக்குவம் செய்த ஆக்டிவேட்டட் கார்பன். தகர டிரம்மில் அந்தக் கரியை நிரப்பி, மோட்டார் போட்டுக் குளத்துத் தண்ணீரை மேலே ஏற்றி, கரி வழியாக இறங்க விட்டால், சாயத்தையும் நாற்றத்தையும் அது பிடித்து வைத்துக்கொள்ளும். தண்ணீர் தெளிந்து வெளியே வரும்.

ஒன்றே ஒன்று. டிரம்மில் போடுவதற்கு முன் கரியைக் கழுவ வேண்டும். ஒரு தடவை, இரண்டு தடவை இல்லை, அலசி ஊற்றுகிற தண்ணீர் தெளிவாக வரும்வரை. தொழிற்சாலையில் இந்த ஒரு விஷயத்துக்காகவே கொர்னேலியஸுக்குப் பட்டப்பெயர் உண்டு. கண்ணாடி டம்ளரில் பிடித்து வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்து, "இன்னொரு தடவை" என்பார். ஆட்கள் அவர் முதுகுக்குப் பின்னால் 'இன்னொரு தடவை சார்' என்பார்கள்.

அதற்காகவே வெள்ளிக்கிழமை குழாயில் தண்ணீர் வந்தபோது பின்புறத்துப் பெரிய டிரம் நிறையப் பிடித்து மூடி வைத்திருந்தார். சனிக்கிழமை தண்ணீர் வராத நாள். மத்தியானம் மூடியைத் திறந்தார். டிரம் காலி.

"ஏங்க, அதுல இருந்த தண்ணிய நான் எடுத்துட்டேன்" என்று கனகமணி கொடிக்குப் பக்கத்திலிருந்து சொன்னாள். "மெட்டில்டா முழுக்கு எடுத்த சேலைய சுந்தரிக்குன்னு எடுத்தேன். பெட்டிக்குள்ள இருந்து பழுப்பேறிக் கெடந்துது. சோப்பு போட்டு, அலசி, நீலம் போட்டு, திரும்ப அலசி... எவ்வளவு தண்ணி குடிச்சிட்டு, தெரியுமா. இப்பப் பாருங்க."

கொடியில் சேலை வெயிலில் பளபளவென்று கிடந்தது.

"கரிதானே. அத அப்படியே போட்டா என்ன, தண்ணிக்குள்ளதானே போவுது" என்றாள்.

கொர்னேலியஸ் வாயைத் திறந்தார். சேலையைப் பார்த்தார். திண்டின்மேல் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு சுந்தரி எங்கோ பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவளையும் பார்த்தார். திறந்த வாயை மூடிக்கொண்டு, "சரி" என்றார்.

மாலையில் இரண்டு மூட்டையும் ஆட்டோவில் ஏறிச் சபைக்குப் போயின. அங்கே தகர டிரம்மில் கரி நிரம்பியது. மோட்டார் ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை காலை கனகமணி மகளை எழுப்பினாள்.

"ஏட்டி சுந்தரி, குளிச்சிட்டியா?"

"ஹவ்."

"ஒரு இட்லியாவது தின்னுட்டுப் போ. வெறும் வயித்துல தண்ணிக்குள்ள எறங்கக் கூடாது."

"ஹவ்."

"எதக் கேட்டாலும் ஹவ், ஹவ். அங்கனயாவது வாயத் தொறந்து தமிழ்ல ஆமான்னு சொல்லு. எமிலியம்மாவுக்கு ஏற்கெனவே நம்மளக் கண்டா எளக்காரம்."

சுந்தரி அதற்கும் "ஹவ்" என்றாள். ஆமாவுக்கு ஹவ், வேண்டாமுக்கு நக்கோ, அந்த ஊர் உருதுப் பேச்சு அவள் நாக்கில் ஒட்டிக்கொண்டிருந்தது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. நாள் முழுக்க அடுத்தவர் பேச்சை அடுத்தவருக்கு இணைத்துக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து பிள்ளைக்குப் பால் கரைத்து, ஒரு பக்கமாகப் படுத்துக்கொள்வாள். அக்கா போன அன்று அழுதாள். அதன்பின் அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. பல்லுக்கு ஊசி போட்டபின் கன்னம் இருப்பதுபோல எல்லாம் இருந்தது. தொட்டால் தெரியும், வலிக்காது.

அக்காவின் சேலையைக் கட்டிக்கொண்டாள். நீலத்தின் வாசனைதான் வந்தது. அக்காவின் வாசனை எதுவும் மிச்சமில்லை. அம்மா அவ்வளவு நன்றாகத் துவைத்திருந்தாள்.

சபைத் தோட்டத்தில் கூட்டம் வட்டமாக நின்றது. அன்று முழுக்கு எடுக்க இருந்தவள் சுந்தரி மட்டும். குளத்தை எட்டிப் பார்த்தவர்கள் எல்லாரும் கொர்னேலியஸின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

"என்ன அண்ணன், கண்ணாடி மாதிரி இருக்கு" என்றாள் எமிலி அம்மாள். "அடியில கல்லு கல்லாத் தெரியுதே. வாடையும் இல்ல."

உண்மைதான். தண்ணீர் அப்படித் தெளிந்திருந்தது. கடப்பாக் கல் கறுப்பாகத் தெரிந்தது. கடப்பாக் கல் கறுப்புத்தானே என்று எல்லாரும் நினைத்தார்கள். ராத்திரி மோட்டாரை நிறுத்தியபின் அதன்மேல் ஒரு விரற்கடை அளவுக்குக் கறுப்பாக வேறொன்றும் படிந்திருந்தது யார் கண்ணுக்கும் படவில்லை.

கொர்னேலியஸ் குனிந்து பார்க்கவே இல்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் மரத்தடியில் நின்றார்.

பாட்டு முடிந்தது. சபையை நடத்துகிற துரைராஜ் வெள்ளை ஜிப்பாவோடு முதலில் இறங்கி, படியோரமாகவே நின்றுகொண்டு கையை நீட்டினார். சுந்தரி படியிறங்கினாள். தண்ணீர் முழங்காலுக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது. நடுவுக்கு வரும்படி அவர் சைகை காட்டினார். இருவரும் நாலு எட்டு நடந்தார்கள்.

"சகோதரி ஜெயசுந்தரி" என்றார் துரைராஜ். நல்ல குரல், தெருவரைக்கும் கேட்கும். "ஒருவருடைய கட்டாயமும் இல்லாமல், உங்கள் சொந்த விருப்பத்தோடு இதற்கு ஒப்புக்கொடுக்கிறீர்களா?"

சுந்தரி அவரை நிமிர்ந்து பார்த்தாள். மற்ற நாள் என்றால் யோசிக்காமல் பதில் வந்திருக்கும். அன்று அந்தக் கேள்வி காதில் விழுந்து, உள்ளே இறங்கி, ஒரு இடத்தில் போய் நின்றது. அக்கா போன இந்த எட்டு மாதத்தில் தன்னிடம் யாரும் இப்படி ஒன்றைக் கேட்டதில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. கேட்டவருக்கோ அது வழக்கமான கேள்வி.

"ஹவ்" என்றாள்.

பின்னால் இரண்டு மூன்று பிள்ளைகள் சிரித்தார்கள். கனகமணி தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஆம் என்று சொல்லுங்கள்" என்றார் துரைராஜ், மெதுவாக.

"ஆம்."

அவர் வலது கையை உயர்த்தினார். உயர்த்திய கை அப்படியே நின்றது. அவர் பார்வை தண்ணீருக்குப் போயிருந்தது. இவர்கள் நடந்த தடத்திலிருந்து கறுப்பாகப் புகை போல ஒன்று கிளம்பி, சுந்தரியின் இடுப்பைச் சுற்றி மேலே வந்துகொண்டிருந்தது. அவர் காலை நகர்த்த, இன்னும் கிளம்பியது. கொஞ்ச நேரத்தில் குளம் முழுக்கக் கலங்கி மை போலாயிற்று.

துரைராஜ் கையைத் தாழ்த்தினார். "மேலே போங்கம்மா" என்றார்.

சுந்தரி ஏறி வந்தாள். இடுப்புவரை சேலை சாம்பல் நிறம். மேலே மட்டும் வெள்ளை.

முதலில் பேசியது எமிலி அம்மாள்தான். "எத்தனையோ பேர் இறங்கின குளம். யாருக்கும் இப்படி ஆனதில்ல."

"கரித்தூள்தான் அம்மா" என்றார் துரைராஜ். "வேறொன்றும் இல்லை. தண்ணீரைச் சரி செய்து அடுத்த ஞாயிறு வைத்துக்கொள்வோம். முதலிலிருந்து கேட்டு, முறையாகச் செய்வோம்."

"செய்யுங்க. நான் வேண்டாங்கல." அவள் கனகமணியின் பக்கம் திரும்பினாள். "ஆனா என் மனசுக்குச் சரியாப் படல, சம்பந்தி. எல்லாம் சுத்தமா முடியற வரைக்கும் பிள்ளை எங்ககிட்ட இருக்கட்டும். நாளைக்குக் காலைல வரேன். துணிமணி எடுத்து வைங்க."

கனகமணியின் கையில் சுருட்டி வைத்திருந்த மாற்றுச் சேலை இருந்தது. அதை மகளிடம் கொடுக்க மறந்துவிட்டாள்.

ரூஃபஸ்தான் ஒரு துண்டைக் கொண்டுவந்து நீட்டினான். நல்ல பையன். மெலிந்துபோயிருந்தான்.

"குளிருதா?" என்று கேட்டான். வெயில் மண்டையைப் பிளந்தது.

"ஹவ், அத்தான்" என்றாள். பிறகு, "இல்ல" என்றாள்.

அவன் தன் செருப்பைப் பார்த்தபடி பேசினான். "அம்மா சொல்றத மனசுல வச்சுக்காத. அடுத்த வாரம் ஆயிடும். நீ சரின்னு சொன்னதனாலதான் நானும் சரின்னேன்."

"நீங்க சரின்னு சொல்லிட்டீங்கன்னு என்கிட்ட சொன்னாங்க. அதான் நான் சரின்னேன்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாருக்கும் கோபம் வரவில்லை. அவன் துண்டை அவள் தோளில் போட்டுவிட்டு ஸ்கூட்டர் நிற்கிற பக்கம் நடந்தான்.

மாலையில் அல்வால் வீட்டுக் குழாயில் தண்ணீர் வந்தது. கனகமணி முதல் காரியமாகச் சேலையை ஊற வைத்தாள். கசக்கினாள், அலசினாள், இன்னொரு தடவை சோப்பு போட்டாள்.

"போவ மாட்டேங்கு" என்றாள் யாரிடமும் இல்லாமல். கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்ப் பிள்ளையின் சட்டைகளை ஒவ்வொன்றாக மடிக்க ஆரம்பித்தாள். மடித்ததைப் பிரித்துத் திரும்பவும் மடித்தாள்.

பின்புறத்தில் கொர்னேலியஸ் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். சபையிலிருந்து கரியை அள்ளிக்கொண்டு வந்துவிட்டார். பாதியை ஒரு வாளியில் கொட்டியிருந்தார். பக்கத்தில் தண்ணீர் நிரம்பிய டிரம், ஒரு மக், ஒரு கண்ணாடி டம்ளர். ஆனால் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தார்.

சுந்தரி வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"எத்தனை தடவை அலசணும்பா?"

"தண்ணி தெளியற வரைக்கும்."

"நேத்து எத்தனை தடவை அலசினீங்க?"

"அலசல. தண்ணி இல்ல."

"அலசாமப் போட்டா இப்படி ஆகும்னு உங்களுக்குத் தெரியாதா?"

கொர்னேலியஸ் வாளியைப் பார்த்தபடியே, "தெரியும்" என்றார்.

உள்ளே பீரோக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

"ஒங்க அம்மா தண்ணி தீந்துட்டுன்னதும், அடுத்த வீட்டுல ரெண்டு குடம் கேப்போம்னுதான் வாயத் தொறந்தேன். அப்ப ஒன்னப் பாத்தேன். மெட்டில்டா சேலை கொடியில கெடக்கு, மெட்டில்டா பிள்ளை ஒன் மடியில கெடக்கு, நீ அந்தப் பக்கம் பாத்துட்டு இருக்க. சொல்ல வாய் வரல."

"கைக்கு? ஏன் வரல?"

"என்ன நடக்கும்னு நான் கணக்குப் போடல. எதாவது ஒண்ணு நடந்து நிக்கட்டும்னு இருந்துச்சு. நிறுத்துங்கன்னு வாயால சொல்ல எனக்குத் தெம்பு இல்ல." அவர் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது, ஆபீஸ் விஷயம் சொல்வதுபோல. "ஒன்ன அத்தனை பேர் முன்னால அப்படி நிக்க வச்சுட்டேன். அது தப்பு. ஒன்கிட்ட ஒரு வார்த்தை கேக்காதது அதவிடத் தப்பு."

"எனக்குக் கோபம் வரலப்பா. வரணும்ல?"

"வரும். எனக்கும் எதுவும் வரமாட்டேங்குதுதான். வரும்."

சுந்தரி கையை வாளிக்குள் விட்டாள். கரி கரகரவென்று, லேசாக இருந்தது. எடுத்துப் பார்த்தாள். விரலெல்லாம் கறுப்பு.

கொர்னேலியஸ் மக்கை எடுத்து டிரம்மில் முக்கி, நிறைய மொண்டு, வாளிக்கு மேலே பிடித்துக்கொண்டார். ஊற்றவில்லை.

"இப்பக் கேக்கேன்" என்றார். "இதக் கழுவி எடுத்துட்டுப் போனேன்னா அடுத்த ஞாயிறு தண்ணி தெளிஞ்சிரும். அவரு திரும்பக் கேப்பாரு. நீ ஆமான்னு சொல்லணும். அதுக்கப்புறம் மெட்டில்டா வீடு, மெட்டில்டா பிள்ளை, மாப்பிள்ளை, எல்லாம் ஒனக்கு. கழுவலன்னா நானே போய்த் துரைராஜ்கிட்டச் சொல்லிருதேன். ஆனா நாளைக்குக் காலைல தூக்கிட்டுப் போற பிள்ளைய அப்புறம் விட மாட்டாவ. திரும்ப எப்பக் காட்டுவாவன்னு தெரியாது. எதையும் மறைக்கல, எல்லாத்தையும் சொல்லிட்டேன். கழுவவா, வேண்டாமா? நீ சொல்லு."

மக்கிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக வாளியில் விழுந்தது. விழுந்த இடத்தில் கறுப்பாகக் கொஞ்சம் நுரைத்தது.

சுந்தரி அந்தச் சொட்டுகளையே பார்த்தாள். காலையில் குளத்துக்குள் நின்றபோது அந்தக் கேள்வி போய் நின்ற இடம் இருக்கிறதே, அங்கே இப்போது லேசாக வலித்தது. பல் ஊசியின் மரமரப்பு விடும்போது வருகிற வலி. அவளுக்கு அது பயமாக இருந்தது. பிள்ளையின் தலை வாசனை ஞாபகம் வந்தது. ராத்திரி பால் குடித்து முடித்ததும் தன் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு தூங்குமே, அந்தப் பிடி ஞாபகம் வந்தது. கண் நிறைந்தது. எட்டு மாதத்துக்குப் பிறகு முதல்தடவை.

"நக்கோ" என்றாள்.

கொர்னேலியஸ் மக்கில் இருந்த தண்ணீரைத் திரும்ப டிரம்மிலேயே ஊற்றினார்.

பின்வாசலில் நிழல் தட்டியது. கனகமணி பிள்ளையோடு நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியாது. ஆனால் முகத்தைப் பார்த்தால் எல்லாம் கேட்டிருக்கிறாள் என்று தெரிந்தது. அவள் கத்தவில்லை. பிள்ளையை இறுக்கிக்கொண்டு, "அப்ப இவ?" என்று மட்டும் கேட்டாள். "நாளைக்கு எமிலியம்மா வந்து கையை நீட்டுனா, நான் எப்படிட்டி குடுப்பேன்?"

சுந்தரி எழுந்துபோய்ப் பிள்ளையை வாங்கிக்கொண்டாள்.

"நீங்க குடுக்க வேணாம்மா. வாசலுக்கு நான் போறேன். நானே பேசுறேன்."

"என்னத்தப் பேசுவ?"

"தெரியல" என்றாள் சுந்தரி.

பிள்ளை போட்டிருந்தது கழுவி மடித்து வைத்ததில் எடுத்த சட்டை. அவள் தூக்கிப் பிடித்த இடத்தில், பிள்ளையின் முதுகில், ஐந்து விரலும் கறுப்பாகப் பதிந்துவிட்டன. கனகமணி பார்த்தாள். துடைப்பதற்கு முந்தானையை எடுத்தவள், எடுத்தபடியே நின்றுவிட்டாள்.